மணாலிக்குப் போன அண்ணி

“காசிக்குப் போறேன்னு சொல்லிடுங்க அண்ணி. தெருவே வந்து மாலை போட்டு அனுப்பும்” என்றார் சண்முகசுந்தரம்.

உமாமகேஸ்வரி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். “நான் போறது மணாலிக்காச்சே, தம்பி.”

“அண்ணன் போயி ஒரு வருஷம்தான் ஆவுது. பனியில வெளையாடப் போறேன்னா ஊரு என்ன சொல்லும்?”

காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக எழுத்தர் வேலை அவளுக்கு. சம்பளத்தை அப்படியே கணவர் சிவநாதனிடம் கொடுத்துவிடுவாள். அதில் அவர் தங்கைக்குக் கல்யாணம் செய்தார், தம்பி சண்முகசுந்தரத்துக்கு மாடி கட்டிக் கொடுத்தார். அவர்கள் குடியிருந்த தருமபுரமே அவரைத் தாராள மனசுக்காரர் என்றது. ஒரே ஒருமுறை, பனி பார்க்க ஆசை என்று அவள் சொன்னாள். “ஃபிரிட்ஜைத் தொறந்து பாரு” என்று சிரித்தார்.

வருடத் தெவசத்துக்கு மண்டபம் பிடித்து முந்நூறு பேருக்குச் சாப்பாடு போடவேண்டும் என்றார் கொழுந்தன். அவள் வீட்டிலேயே பத்துப் பேருக்கு இலை போட்டு முடித்துவிட்டு, அலுவலகத் தோழி ஜெயமேரியோடு பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டாள்.

“காசிக்கு ஜெயமேரியக் கூட்டிக்கிட்டா போவாங்க, தம்பி?”

சண்முகசுந்தரம் விருட்டென்று மாடிக்கு ஏறிப் போய்விட்டார்.

மணாலிக்குக் கிளம்பிப் போனவள், எட்டு நாள் கழித்துக் காலையில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வாசலில் பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி தலைக்குக் குளித்து, கையில் சொம்போடு நின்றிருந்தாள். கூடவே நாலைந்து பெண்கள். மற்ற நாட்களில் உமாமகேஸ்வரி எதிரே வந்தால் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவள் செண்பகவல்லி. இன்று சட்டென்று காலில் விழுந்தாள்.

“ஆசீர்வாதம் பண்ணுங்கக்கா. காசிக்குப் போய்ட்டு வந்திருக்கீங்க, ஒரு சொட்டு கங்கா தீர்த்தம் குடுங்க.”

சண்முகசுந்தரம் மாடிப்படியில் நின்று வேறெங்கோ பார்த்தார். தெருவுக்கு அவர் என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. சும்மா தலையசைத்தால் போதும், சாகும்வரை மரியாதைதான்.

“காசிக்குப் போவல செண்பகம். மணாலிக்குப் போனேன். இந்தா, பாரு.”

கைபேசியை நீட்டினாள். படத்தில் சிவப்புக் கோட்டும் கம்பளித் தொப்பியுமாகப் பனியில் மல்லாந்து விழுந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து அந்தத் தெரு பார்த்ததில்லை.

செண்பகவல்லி அவள் காலைத் தொட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “இதுக்கா அவ்ளோ காசு?”

“இதுக்குத்தான்.”

பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். சற்று நேரத்தில், பக்கத்து வீட்டுக் குளியலறையில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. செண்பகவல்லி மறுபடியும் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள்.

உமாமகேஸ்வரி டீ போட்டு எடுத்துக்கொண்டு ஜெயமேரியைக் கைபேசியில் அழைத்தாள்.

“அடுத்த வருஷம் எங்க போவலாம், மேரி?”