முப்பத்தொன்று கழியுமட்டும்

பேரப்பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள். வட்டக்கச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த வீரகத்தி, ஆஸ்பத்திரி விறாந்தையில் குந்தியிருந்த மகன் ஜெயந்தனிடம் இடியப்பப் பார்சலை நீட்டினார்.

"கையெழுத்து வைச்சிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா தம்பி. ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்காது. வயரும் குழாயுமாக் கிடந்து ஏன் வதைபடவேணும்? வீட்டிலையாவது கண்ணை மூடட்டும்."

ஜெயந்தன் பதில் சொல்லுமுன், அதிதீவிரப் பிரிவின் கண்ணாடிக் கதவைத் திறந்து தாதி ஷமீலா எட்டிப் பார்த்தாள்.

"லக்சிகாவின்ர புருஷன் நீங்கள்தானே? அவாவுக்கு இன்னும் பிரஷர் இறங்கேல்லை. நீங்கள் சேட்டைக் கழட்டிப்போட்டு, கை கழுவிக்கொண்டு வாங்கோ. பிள்ளையை உங்கட நெஞ்சில போடவேணும். அந்தச் சூட்டிலதான் மூச்சுச் சீராகும்."

ஜெயந்தன் நெளிந்தான். "பிள்ளை பெத்த துடக்கு, மிஸ்ஸி. முப்பத்தொண்டு நாள் கழியாமல் எங்கட வீட்டில ஆம்பிளையள் தொடுறேல்லை."

"அப்ப முப்பத்தொண்டு மட்டும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்கச் சொல்லட்டே?"

வீரகத்திக்குச் சுருக்கென்றது. ஜெயந்தனுக்கு முன்னம் அவருக்கும் ஒரு குறைமாதப் பெண்பிள்ளை பிறந்தது. அடைமழைக் காலம். துடக்கென்று அவர் வெளியே நிற்க, கிடுகு ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சிணுங்கல். "கால்விரல் அப்படியே உங்கடதுதான்" என்று மனைவி பத்மாசனி உள்ளேயிருந்து சொல்லுவாள். அவர் நனைந்துகொண்டே சிரிப்பார். முதன்முதலாகத் தகப்பனான அந்த மூன்று நாட்களைப்போல ஒரு சந்தோஷம் பிறகு அவருக்கு வாய்க்கவேயில்லை. நாலாம் நாள் சிணுங்கல் கேட்கவில்லை. அவளை அவர் முதன்முதல் கையில் ஏந்தியது புதைக்கத்தான்.

"எழும்படா" என்றார். மகனின் சேட்டுப் பொத்தானைத் தானே கழற்றத் தொடங்கினார்.

"அப்ப துடக்கு, ஐயா?"

"போடா உள்ளுக்கு!"

கண்ணாடிக்கு அப்பால், ஜெயந்தனின் நெஞ்சில் உள்ளங்கையளவு உயிர் குழாய்களோடு ஒட்டிக்கிடந்தது. அவன் மூச்சுவிடவும் பயந்து இருந்தான்.

"தப்பும் எண்டு இப்பவே சொல்லேலாது ஐயா" என்றாள் ஷமீலா. "ரெண்டு மாசமெண்டாலும் இஞ்சதான் இருக்கவேணும்."

"இருக்கட்டும் பிள்ளை. தங்காது எண்டு நாங்கள் கைவிட்டதாலதான் முந்தியும் தங்கேல்லை. குறைமாசப் பிள்ளைக்கு மிஷினும் வேணும், பெத்தவையின்ர சூடும் வேணும். துடக்கை ஒரு முழுக்கில கழிக்கலாம். தொடாமல் விட்டதை நான் இண்டைக்கும் கழிக்கேல்லை."