ஒட்டிக்கொண்டு வந்த எழுத்துகள்

காலணிக் கடையொன்றின் திறப்பு விளம்பரத்தில் ‘ஞாயிறு’ என்பதை ‘வெள்ளி’ என்று மாற்ற வேண்டியிருந்தது. அவ்வளவுதான் வேலை. ஆயினும் விளம்பர நிறுவனத்து வீடியோ எடிட்டரின் கணினியில் அச்சொல் மசியவில்லை. அங்கேயே வேலை பார்க்கும் தன் மைத்துனன் வடிவமைத்துத் தந்த கோப்பை அவர் அசைவூட்டும் மென்பொருளுக்குள் கொண்டுவந்தபோது, எழுத்துகள் யாவும் பின்னணியோடு ஒரே படமாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தன.

“உங்க மச்சான் என்னதான் அனுப்பியிருக்கான்?” என்று நிறுவன முதலாளி எரிந்து விழுந்தார்.

“எழுத்தையெல்லாம் படமாக்கி அனுப்பியிருக்கான் சார். நான் என்ன செய்ய?” என்றார் எடிட்டர், வாய் கூசாமல்.

பக்கத்து மேசையிலிருந்து மைத்துனன் எட்டிப் பார்த்தான். “இல்ல மாமா, எழுத்தாத்தான் இருக்கு. என் கம்ப்யூட்டர்ல மாறுதே.”

“உன் வீட்டுக் கண்ணாடியில நீயும்தான் ராஜா. இங்க மாறலையே!”

முதலாளி சிரித்துவிட்டார். மைத்துனன் முழுவதையும் மறுபடி அமைத்துக் கொடுத்தான். அதுவும் ஒட்டிக்கொண்டே வந்தது. சிரித்த முதலாளியின் முகம் இறுகியது. “இந்த வேலை முடியட்டும், நான் வேற ஆள் பாத்துக்கறேன்.” மைத்துனன் சட்டைப் பொத்தானைத் திருகியபடி நின்றான். அவனுக்காகச் சிபாரிசு செய்து அங்கே சேர்த்துவிட்டவர் எடிட்டரேதான்.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது எடிட்டர் மீண்டும் முயன்றார். கோப்பைக் கொண்டுவரும் வேளையில் தோன்றும் சிறு பெட்டியை அன்றுதான் முழுதாகப் படித்தார். எழுத்தும் படமும் தனித்தனி அடுக்காக இருக்கும் லேயர்களை ஒன்றாகச் சேர்ப்பதா, தனித்தனியே வைப்பதா என்று அது கேட்டது. கேள்வியைப் பாராமலே ‘சரி’யை அழுத்திப் பழகிய கை அவருடையது. இம்முறை தனித்தனியே என்றதைத் தேர்ந்தார். லேயர்கள் பிரிந்து வந்தன. எழுத்து இருந்த லேயரைத் திருத்தக்கூடிய எழுத்தாக மாற்றும் கட்டளையை அழுத்தினார். ‘ஞாயிறு’க்குப் பின்னால் கர்சர் துடித்தது.

பதறிப்போய் முதல் கோப்பையும் அவ்வாறே திறந்தார். அதுவும் திறந்துகொண்டது. அவன்மேல் எள்ளளவும் பிழையில்லை. அவருக்குக் காது மடல் சுட்டது.

‘வெள்ளி’ என்று தட்டி முடித்தார். திரும்பி வந்த முதலாளி திரையைப் பார்த்து, “நல்லவேளை, நீங்க இருந்தீங்க!” என்று தோளில் தட்டினார். எடிட்டரின் தலை தானாக ஆடியது.

மைத்துனன் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகே அமர்ந்தான். “நான் எங்க தப்பு பண்ணேன்னு காட்டுங்க மாமா. வேற எங்கயாவது வேலைக்குப் போனாலும் உதவும்.”

அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

“சார், ஒரு நிமிஷம்,” என்று முதலாளியைக் கூப்பிட்டு, இருவர் முன்னிலையிலும் முதல் கோப்பைத் திறந்து காட்டினார். “ஃபைல் ஆரம்பத்துலேருந்தே சரியாத்தான் இருக்கு. இந்தப் பெட்டியில கேக்கறத நான் படிக்கவே இல்ல. இவனை அனுப்பிடாதீங்க.”

“அப்ப நான் இவனைத் திட்டினது?”

“எனக்கு வரவேண்டியது சார்.”

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அவன் இருக்கட்டும். உங்ககிட்ட அப்புறம் பேசறேன்.”

மைத்துனன் எழுந்து, நாற்காலியைத் தன் மேசைக்கே இழுத்துப் போனான்.

“வாடா, வெளிய போய் ஏதாவது சாப்பிடலாம்,” என்றார் எடிட்டர்.

“நான் சாப்பிட்டாச்சு,” என்றான் அவன். மாமா என்று சொல்லவில்லை.