உள்பக்கக் கைப்பிடி

நாற்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தேன். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுகளிலிருந்து நான் வெளியே எடுத்தவர்கள் மூவாயிரம் பேருக்குக் குறையாது. அதில் இரண்டு நீதிபதிகள், ஒரு பியானோ, பியானோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பூனை எல்லாம் அடக்கம். பெருமைக்குச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவன் ஒரு பல் டாக்டரின் பாட்டு அறையில் மாட்டிக்கொண்டேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

டாக்டருக்கும் எனக்கும் முப்பது வருடப் பழக்கம். மாதத்தின் முதல் ஞாயிறு அவர் என் வீட்டுக்கு வந்து என் செட்டில் பாட்டுக் கேட்பார். மூன்றாம் ஞாயிறு நான் அவர் வீட்டுக்குப் போய் அவருடையதில் கேட்பேன். கேட்டுவிட்டு யாருடையது ஒசத்தி என்று மத்தியானம் வரைக்கும் பேசுவோம்.

என் ஆம்ப்ளிஃபையர் நானே கட்டியது. அதற்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றியது என் மனைவி. கல்யாணமான புதிதில் அவள் ரேடியோ தொழிற்சாலையில் கம்பி சுற்றும் பிரிவில் வேலை பார்த்தாள். ஒவ்வொரு சுற்றையும் வாயால் எண்ணி, வீட்டில் உட்கார்ந்து கையால் சுற்றிக் கொடுத்தாள்.

டாக்டர் அதைக் கேட்பார். கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். பிறகு சொல்வார், "எல்லாம் சரிதான்யா லிஃப்டு. கொஞ்சம் இரைச்சல் இருக்கு."

அவர் அதைச் சொன்னதும் சமையலறையில் கரண்டிச் சத்தம் ஒரு நொடி நிற்கும். முப்பது வருடமாக மாதம் தவறாமல் நின்றது. எனக்கு ஒரு சொட்டு இரைச்சல்கூடக் கேட்டதில்லை. அந்தக் கரண்டி நிற்பதுதான் கேட்கும். அந்த மனுஷன் வாயிலிருந்து 'இரைச்சலே இல்லை' என்று ஒரே ஒரு தடவை, அவள் காதுபட வரவேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அன்று மூன்றாம் ஞாயிறு. என் ஸ்பீக்கர் ஒயரில் ஒரு சுருள் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். அவருடைய ஒயர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் தடிமன். என்னுடையது அழைப்பு மணிக்கு இழுக்கும் ஒற்றைக் கம்பி. இரண்டையும் மாற்றிப் போட்டுக் கேட்பதாகப் பேச்சு. டாக்டர் என் ஒயரைப் பிடுங்கிய பல்லைப் போல இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதை மாட்டினா என் ஸ்பீக்கர் என்கூடப் பேசாது."

"உங்ககூட இப்ப யார்தான் பேசுறா, டாக்டரே."

அவர் அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். மின்விசிறி முனகுகிறது என்று கழற்றியாயிற்று. சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை. பேசினால் சொல் உதட்டிலிருந்து நேராகத் தரையில் விழும். கைபேசி கூட இருந்தால் ஸ்பீக்கர் டிக்டிக் என்கிறதாம், அதனால் இரண்டு பேருடைய கைபேசியும் வெளியே ஒரு மூடி போட்ட சம்படத்துக்குள். அந்த அறையில் ஒரு இசைத்தட்டைக் கேட்டால் வயலின்காரரின் கைக்கடிகாரம் ஓடுவது கேட்கும். நாலு நிமிடம் ஸ்லோ. நானே சரிபார்த்தேன்.

பாட்டு முடிந்தது. டாக்டர் எழுந்து கதவருகே போனார். போனவர் நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன டாக்டரே?"

"கைப்பிடி."

"அதுக்கு என்ன?"

"போன வாரம் கழட்டிட்டேன். உள்பக்கத்துது மட்டும். தாழ்ந்த சுரம் வந்தா கிர்ர்னு கூடவே ஆடுச்சு."

"அப்ப தினமும் எப்படி வெளிய வர்றீங்க?"

அவர் யோசித்தார். இந்தக் கேள்வியை அவர் இதுவரை கேட்டுக்கொண்டதில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "பாட்டு முடியுற நேரத்துக்கு அவ வந்து திறப்பா."

"இன்னிக்கு?"

"கண் டாக்டர்கிட்ட போயிருக்கா. அப்படியே அவ தங்கச்சி வீட்டுக்கு. சாயந்தரம்தான்."

ஆக, அந்தக் கதவுக்கு உள்பக்கக் கைப்பிடியாக இருந்தது அவர் மனைவி. அப்போது மணி பதினொன்று.

இருவரும் கத்திப் பார்த்தோம். கதவை உதைத்தோம். மெத்தை உதையை வாங்கி வைத்துக்கொண்டது. டாக்டர் முகத்தில் ஒரு மலர்ச்சி. "பார்த்தியா? ஒரு பொட்டு சத்தம் வெளிய போகல."

"வால்யூமை முழுக்கத் திருப்புங்க. தெருவில யாராவது கேக்கட்டும்."

"பாதிக்கு மேல திருப்புனா ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சிடும்."

"நாம இங்கயே செத்துட்டா?"

"ஸ்பீக்கர் யாருக்குப் போகணும்னு எழுதி வச்சிருக்கேன். கவலைப்படாதே."

சுவர்கள் ஒரு அங்குலம் உள்ளே வந்தன. இது பிரமை என்று நினைப்பவர்கள் அந்த அறையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

கதவைத் திறக்கும் வழி எனக்குத் தெரியும். கைப்பிடி இருந்த இடத்துக்குக் கீழே சாவித்துவாரம். டாக்டர் அதில், பல் பிடுங்கினால் கடித்துக்கொள்ளக் கொடுக்கும் பஞ்சைத் திணித்திருந்தார். பஞ்சை எடுத்துவிட்டு, விறைப்பான கம்பி ஒன்றை உள்ளே விட்டு, வெளிக் கைப்பிடியில் மாட்டிக் கீழே இழுத்தால் போதும். கம்பி என் பையில் இருந்தது.

நான் இழுக்கவில்லை. தொழில் அனுபவம் அப்படி. நின்றுபோன லிஃப்டுக்குள் முதல் பத்து நிமிடம் சிரிப்பார்கள். அடுத்த பத்தில் ஒருவரையொருவர் திட்டுவார்கள். அரை மணி தாண்டினால் உண்மை பேசுவார்கள். அரை மணி பொறுத்தால் டாக்டர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று கணக்குப் போட்டேன்.

கணக்கில் ஒன்றை விட்டுவிட்டேன். காலை ஒன்பது மணிக்கு நீர் பிரியும் மாத்திரை போட்டிருந்தேன்.

"ஏன்யா காலை ஆட்டுற?"

"தாளம் போடுறேன்."

"பாட்டே ஓடலையே."

முப்பத்தைந்தாவது நிமிடம் டாக்டர் தரையில் உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது. "லிஃப்டு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

நான் தாளத்தை நிறுத்தினேன்.

"பதினெட்டு வருஷம் முன்னாடி உனக்கு ஒரு கடைவாய்ப் பல்லு எடுத்தேன்ல. அது நல்ல பல்லு. கெட்டது பக்கத்துப் பல்லு."

என் நாக்கு தானாக அந்தப் பள்ளத்துக்குப் போய் வந்தது. "அது கிடக்கட்டும். இரைச்சல்?"

"எந்த இரைச்சல்?"

"என் செட்டுல."

டாக்டர் தலையைச் சாய்த்தார். "அது இருக்கத்தான்யா செய்யுது."

உண்மை பேசும் நேரத்தில் வந்த வார்த்தை. அதற்கு மேல் காத்திருப்பதில் பயனில்லை, காத்திருக்க என்னால் முடியவும் இல்லை. ஒயரை எடுத்துக் காட்டினேன். "டாக்டரே, இதை வச்சுக் கதவைத் திறந்துடுவேன். ஆனா இனிமே என் வீட்டுல இரைச்சலே இல்லன்னுதான் சொல்லணும்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆமா."

"எத்தனை தடவை?"

"நம்மில ஒருத்தர் போய்ச்சேர்ற வரைக்கும்."

அவர் மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் அதே மாத்திரையை அவரும் போடுகிறவர். அவர் காலும் தாளம் போட ஆரம்பித்திருந்தது. "சரிய்யா. வாக்கு. திற."

முதலில் அவருடைய ஒயரை முயன்று பார்க்கலாமா என்று மரியாதைக்குக் கேட்டேன். அது சாவித்துவாரத்தின் வாசலில்கூட நிற்கவில்லை. என்னுடையது ஏழாவது முயற்சியில் மாட்டியது. இழுத்தேன். கதவு திறந்தது. வீட்டில் கழிப்பறை ஒன்றுதான். நான் முந்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். பல் விஷயம் உட்பட. அவள் கேட்டுவிட்டு வெங்காயம் உரிப்பதைத் தொடர்ந்தாள்.

"இரைச்சல் இருக்குங்க. டாக்டர் அண்ணன் சொல்றது சரிதான்."

"என்ன சொல்ற?"

"எண்பது சுத்து குறைச்சல். அன்னிக்கு நமக்குள்ள சண்டை. எண்ணிக்கை விட்டுப்போச்சு. முதல் நாளே எனக்குக் கேட்டுச்சு."

"பின்ன அவர் சொல்லும்போது ஏன் கரண்டி நிக்குது?"

"இன்னிக்காவது உங்க காதுல விழுதான்னு பார்ப்பேன்."

அன்று சாயந்தரம் செட்டைப் போட்டேன். கேட்டது. பாட்டுக்கு அடியில், கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ கொட்டாவி விடுவதுபோல ஒரு ஊம். இத்தனை வருடம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. வந்தது போகவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு டாக்டர் வந்தார். அவர் கதவில் என் ஒயர் அப்படியே தொங்குகிறதாம். வெளிக் கைப்பிடியில் முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே விட்டு வைத்திருக்கிறார். அது தொங்க ஆரம்பித்த பிறகு தாழ்ந்த சுரம் இன்னும் சுத்தமாக வருகிறதாம்.

பாட்டைப் போட்டேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முழுதும் கேட்டார். நெற்றியில் வியர்வை. வாய் திறந்து மூடியது. கடைசியில் சமையலறைப் பக்கம் திரும்பி, பல் பிடுங்கக் கொடுத்தவர் குரலில், "இரைச்சலே இல்ல" என்றார்.

கரண்டிச் சத்தம் நின்றது.

எனக்கு ஊம் என்று கேட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். அவருக்கும் கேட்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்குக் கேட்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்ல முடியாது, வாக்கு. நான் சொல்ல முடியாது, வாக்கு வாங்கியவன் நான்.

"அடுத்த பாட்டு போடட்டுமா டாக்டரே?" என்றேன்.

"போடுய்யா" என்றார், கதவைப் பார்த்துக்கொண்டே.