நீல வெளிச்சத்துல ஒரு ஜோடி கிளவுஸ்

1

அதுக்குள்ள பாட்டு ஆரம்பிச்சிடுச்சு. அண்ணன் என்னைப் பாக்கறான், நான் அவன் கையைப் பாக்கறேன். வலது கையில முழங்கை வரைக்கும் நீளமா, பளபளன்னு ஒரு கிளவுஸ். இடது கையில மணிக்கட்டோட நின்னுபோன ஒரு பருத்தி கிளவுஸ். அந்தக் குட்டை கிளவுஸ் எங்க அப்பாவோடது. அப்பா கதவுக்கு அந்தப் பக்கம், ஹால்ல, டூட்டியில நிக்கறார்.

(இப்படி ஆரம்பிச்சா உங்களுக்கு ஒண்ணும் புரியாதுன்னு தெரியும். ஆனா எனக்கு மூச்சு முட்டற இடம் இதுதான். அதான் இங்கேர்ந்து வருது.)

இந்தக் கதை எப்படி வந்துச்சுன்னு ஒளிக்காம சொல்லிடறேன். மணி இப்ப ஒண்ணேகால். தூக்கம் வரல. யாருக்கும் போன் பண்ண முடியாது. நடந்ததுக்குக் கதைன்னு பேர் வச்சா முடிவை நானே மாத்திக்கலாமேன்னு ஒரு நப்பாசை. அவ்வளவுதான்.

2

வேற ஆரம்பம்: "ஒரு ஊர்ல ஒரு மியூசியம் இருந்துச்சாம், அங்க சிலைங்கள்லாம் ராத்திரியானா" — வேண்டாம். குழந்தைக் கதை மாதிரி போகுது.

இன்னொண்ணு: "கலை என்பது மனித வாழ்வின்" — ச்சீ. ஸ்கூல் கட்டுரை.

சரி, நேராவே சொல்றேன். அப்பா மியூசியத்துல கார்டு. படத்தையும் சிலையையும் யாரும் தொடாம பாத்துக்கணும். பத்தொம்பது வருஷமா அதான் வேலை. அதுல அவருக்குன்னு ஒரு முறை இருக்கு. மூஞ்சியப் பாக்கக் கூடாது, கையைப் பாக்கணும். மூஞ்சி என்ன வேணா நடிக்கும், தொடப் போறது கைதானேம்பார். இப்ப பஸ்ல கூட எல்லார் கையையும்தான் பாக்கறார். பக்கத்து வீட்டுக்காரர் எதிர்ல வந்து சிரிச்சா யாருன்னு தெரியாது. அவர் பை பிடிச்சிருக்கற விதத்தப் பாத்துட்டு, அட நீங்களாம்பார்.

அண்ணன் ட்ராக் (drag) பண்றான், அதாவது பொண்ணா அலங்காரம் பண்ணிக்கிட்டு மேடையில பாட்டுக்கு வாயசைச்சு ஆடறது. பொம்பளை வேஷம்னு சொன்னா அவனுக்குக் கோவம் வரும். வேஷம் நான் பகல்ல போடறேன்டி, போன் கடையில, டை கட்டிக்கிட்டும்பான். மேடையில அவன் பேர் மகாராணி மின்வெட்டு. (அவ வந்தா எல்லாரோட ஃபியூசும் போயிடுமாம். இந்த ஜோக்குக்கு நான் பொறுப்பில்ல.) வீட்டுல இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன வருஷம் ஒரு நாள் அவன் சுண்டுவிரல் நகத்துல துளியூண்டு சிவப்பு பாலிஷ் மிச்சம் இருந்துச்சு. சாப்பிடறப்போ அப்பா பாத்துட்டார். திட்டல, கேக்கல. ரெண்டு மாசம் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நடுவுல நான்தான் தபால்காரி. சாதம் போதுமான்னு கேளு. போதும்னு சொல்லு. அந்த ரெண்டு மாசம் முடிஞ்ச அன்னிக்கு அண்ணன் என்கிட்ட சொன்னான், இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வீட்டை விட்டுப் போயிடுவேன்னு. அவன் சும்மா சொல்ற ஆள் இல்ல.

அதான் என் பயம். அப்பா அடிப்பார்னு இல்ல, அவர் யாரையும் அடிச்சதே கிடையாது. காலையில எந்திரிச்சுப் பாத்தா அண்ணன் கட்டில் காலியா இருக்கும்ங்கற பயம்.

3

தப்பு என்னோடது.

அம்மாவுக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில நைட் டூட்டி. அதனால துணி மடிக்கிறது நான். மியூசியத்துல சாயங்கால நிகழ்ச்சி இருந்தா கார்டுங்க வெள்ளை கிளவுஸ் போடணும், இருட்டுல வழி காட்டற கை தெரியணும்ல. அண்ணனோடதும் வெள்ளைதான், சாட்டின். அப்பா ஏறாத மொட்டைமாடியில ரெண்டு ஜோடியும் ஒரே கொடியில காஞ்சுச்சு. ஜோடியை ஒண்ணுக்குள்ள ஒண்ணு திணிச்சு உருண்டையாக்கறது என் பழக்கம், சாக்ஸ் மாதிரி. போனைப் பாத்துக்கிட்டே திணிச்சேன். ஒரு நீளத்தை ஒரு குட்டைக்குள்ள. இன்னொரு நீளத்தை இன்னொரு குட்டைக்குள்ள. வெளியிலேர்ந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி முட்டை.

ஒரு முட்டை அண்ணன் பையில. ஒரு முட்டை அப்பா யூனிஃபார்ம் பாக்கெட்ல.

இன்னிக்கு அண்ணன் ஆடறது அப்பாவோட மியூசியத்துலயே, சாயங்கால நிகழ்ச்சியில. அப்பாவுக்கு இன்னிக்கு லீவு. அது தெரிஞ்சுதான் அண்ணன் இந்தத் தேதிக்கே ஒத்துக்கிட்டான். மூணு மணிக்கு மியூசியத்துலேர்ந்து போன் வந்துச்சு. ஹால்ல நிக்க வேண்டிய கார்டுக்குக் காய்ச்சலாம், அந்த இடத்துக்கு அப்பா கிளம்பிட்டார். அண்ணன் மேக்கப் போட உக்காந்தா போன் எடுக்க மாட்டான். நான் பஸ் பிடிச்சு ஓடினேன்.

* இங்க ஒரு குறிப்பு. கதைதானே, இந்த இடத்துல மட்டும் ஒழுங்கா மடிக்க வச்சிடலாம்னு எழுதிப் பாத்தேன். "அவள் ஒவ்வொரு ஜோடியையும் கவனமாக மடித்தாள்." அந்த அவளை எனக்குத் தெரியவே தெரியாது. அடிச்சிட்டேன்.

4

மேக்கப் போட ஆடறவங்களுக்குக் குடுத்திருந்தது படங்களைப் பெட்டியில கட்டி வைக்கிற ஸ்டோர் ரூம். எல்லாப் பெட்டி மேலயும் 'உடையும் பொருள்'னு எழுதியிருந்துச்சு. அதுல ஒண்ணு மேல மகாராணி கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தா. அப்பா வந்திருக்கார்னு சொன்னேன். பொய் இமை ஒட்டிக்கிட்டிருந்த கை அப்படியே நின்னுச்சு. அப்புறம் திரும்பவும் ஒட்டினான்.

"மூஞ்சியப் பாக்க மாட்டார், எலி. கையைத்தான் பாப்பார். கைக்குத்தான் இது இருக்கே."

(எலின்னா நான்தான். பென்சிலைக் கடிக்கிறதால.)

சொல்லிக்கிட்டே உருண்டையைப் பிரிச்சான். உள்ள ஒரு நீளம், ஒரு குட்டை. குட்டை கிளவுஸோட உள்மடிப்புல அப்பா டூட்டி நம்பர், அப்பா கையெழுத்துலயே. அதைப் போடலைன்னா கையைப் பாத்து தெரிஞ்சிக்குவார். போட்டா கிளவுஸைப் பாத்து தெரிஞ்சிக்குவார். நீளமா இருந்த இன்னொண்ணு இந்நேரம் அவர் பாக்கெட்ல இருக்கும்.

போகாதன்னு கெஞ்சினேன். அவன் அந்தக் குட்டை கிளவுஸை விரல் விரலா இழுத்து மாட்டினான். சரியா இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ் கைன்னு அப்பதான் கவனிச்சேன்.

"சின்ன வயசுலேர்ந்து அப்பா நம்மள இங்க கூட்டிட்டு வந்திருக்கார்ல," அப்படின்னான். "இந்த ஹால்ல கையைக் கட்டிக்காம நான் நடந்ததே இல்ல, எலி. இன்னிக்கு ஒரு நாளாவது நடக்கறேன்."

வெளியில டீஜே அக்கா அவன் பாட்டைப் போட்டுட்டாங்க.

5

இதுக்கு மேல எனக்குக் கனவு மாதிரிதான் ஞாபகம் இருக்கு. முன்ன பின்ன இருந்தா மன்னிச்சுக்குங்க.

பெரிய ஹால். சுவர் பூரா படம். நடுவுல தலையில்லாத வெள்ளைச் சிலைங்க, அதுங்களைச் சுத்தி ஜனம். பாட்டோட அடி தரையிலேர்ந்து கால் வழியா ஏறி பல்லுல வந்து நிக்குது. சிலைங்களும் லேசா தோளை ஆட்டுதோன்னு இருந்துச்சு. மகாராணி வந்தா. நடந்து வரல, தண்ணிக்குள்ள மீன் திரும்பற மாதிரி திரும்பித் திரும்பி வந்தா. உதடு பாட்டோட அசையுது. எல்லாரும் ஓன்னு கத்தறாங்க. கொஞ்ச நேரம் அது அண்ணன்ங்கறதே எனக்கு மறந்துபோச்சு. கிளவுஸும் மறந்துபோச்சு. சந்தோஷமா இருந்தேன்னு நினைக்கிறேன்.

அப்போ டீஜே அக்கா எல்லா லைட்டையும் அணைச்சு நீலத்தை மட்டும் விட்டாங்க.

அந்த நீலத்துல சோப்புத்தூள் போட்டுத் துவைச்ச பருத்தி தனியா ஜொலிக்கும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. சாட்டின் மங்கிப்போச்சு, படமெல்லாம் போச்சு, மூஞ்சியெல்லாம் போச்சு. மகாராணியோட இடது கை மட்டும் நிலா மாதிரி மிதந்துச்சு.

மாடிப்படிகிட்ட இன்னொரு கை மிதந்துச்சு. வலது கை. அதே வெள்ளை, அதே அளவு.

ஹாலுக்கு இந்தக் கோடியில ஒண்ணு, அந்தக் கோடியில ஒண்ணு. ஒரே ஜோடி.

மகாராணி தன் கையைத் தலைக்கு மேல தூக்கினா. படிகிட்ட இருந்த கை சும்மாவே தொங்கிட்டிருந்துச்சு. பாட்டு ஒரு சுத்து வந்துச்சு. அப்புறம் அந்தக் கையும் மேல போச்சு. மெதுவா. அஞ்சு விரலும் விரிஞ்சு. அப்படியே அங்க நின்னுச்சு.

லைட் வந்தப்போ எனக்கும் அவருக்கும் நடுவுல அம்பது தலை.

6

அப்பாவை எனக்கு எழுத வரல. ஒரு வரியில கல்லாயிடறார், அடுத்த வரியில சாமியாயிடறார். நிஜத்துல அவர் ரெண்டும் இல்ல. குளிச்சிட்டு வந்தா தலையைத் துவட்டத் தெரியாத ஒரு ஆள்.

முடிவு ஒண்ணு: யாரோ சிலையத் தொடப் போனாங்க, தள்ளி நில்லுங்கன்னு கை காட்டினார். தினமும் பண்றதுதானே. (ஆனா அவர் பாக்கெட்ல அந்த நீள கிளவுஸ் இருக்கே?)

முடிவு ரெண்டு: போதும், நிறுத்துன்னு தூக்கினார். பாத்துட்டேன்டான்னு அர்த்தம். இனிமே எத்தனை மாசமோ.

முடிவு மூணு, இதை எழுத வெக்கமா இருக்கு, அவன் தூக்கின கைக்குப் பதில் சொல்ற மாதிரி —

மூணுக்கும் ஒரே கைதான். அதே அஞ்சு விரல். எதுல வச்சாலும் பொருந்துது. அதான் கஷ்டம்.

7

நான் முதல்ல வீட்டுக்கு வந்துட்டேன். அப்பா பதினொண்ணரைக்கு வந்தார். அவன் எத்தனை மணிக்கு வருவான்னு கேட்டார். தெரியாதுப்பான்னேன். கொஞ்சம் கழிச்சு அதையே திரும்பக் கேட்டார். ரெண்டு தடவையும் அந்தக் குரல்ல எதுவும் இல்ல, நான் நல்லா தேடிட்டேன்.

வழக்கமா வந்ததும் படுத்துடுவார். இன்னிக்கு கிச்சன் லைட் இன்னும் எரியுது. கதவு இடுக்குல பாத்தேன். யூனிஃபார்மோட, ஷூவைக் கூட கழட்டாம, ஸ்டூல்ல உக்காந்திருக்கார். மேஜை மேல அந்த நீள சாட்டின் கிளவுஸ், ஒவ்வொரு விரலா நீவி விட்டு நேரா வச்சிருக்கு. அவர் வலது கையில அந்த ஒத்தை பருத்தி கிளவுஸ் இன்னும் இருக்கு. வாசக்கதவைப் பாக்கல. அந்தக் கையைத்தான் பாத்துக்கிட்டிருக்கார்.

இப்ப என் போன்ல வெளிச்சம். அண்ணன். தெருமுனையில நிக்கறானாம், மூஞ்சியெல்லாம் கழுவிட்டானாம்.

"எலி, பாத்துட்டாரா? வரட்டுமா, இல்ல இப்படியே கிளம்பட்டுமா?"

வான்னு அடிச்சேன், அழிச்சேன். இருன்னு அடிச்சேன், அழிச்சேன். நான் பதில் அடிக்கிறது அங்க அவனுக்குத் தெரியும், மூணு புள்ளி வந்து வந்து போகும். கிச்சன்ல ஸ்டூல் நகர்ற சத்தம் கேக்குது.

நீங்களும் அந்தக் கையைப் பாத்தீங்க, நான் எழுதின அளவுக்காவது. அது என்ன சொல்லுச்சு?