மூன்றாமவரின் கட்டம்

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்தில் தொடங்கியது. அதை நிரப்பியவன் நான்.

முதல் தொடக்கம்: "மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் போன மூவரை வழிமறித்துச் சுட்டார்கள். அப்போது அந்த வேனில்..." வேண்டாம். செய்தித்தாளே இதைவிட நன்றாக எழுதிவிட்டது.

இரண்டாவது: "என் மனைவிக்கு இருபத்தொன்பது வயது. அவள்..." அடுத்தது.

2

இறந்தவர்கள் என் மனைவி, அவளுடைய சக வழக்கறிஞர், வேன் ஓட்டியவர். நாட்டின் உயரிய விருது இருவருக்கு மட்டும். ஏனென்றால் 'பணி' என்ற கட்டத்தில் மூன்றாமவருக்கு நான் 'ஓட்டுநர்' என்று எழுதினேன். அவர்கள் மூவரும் வேலை செய்த சங்கத்தில் கூட்டிப் பெருக்குகிறவர் முதல் தலைவர் வரை எல்லோருக்கும் பதவி 'களப்பணியாளர்'தான்.*

* படித்தவன் செய்கிற பிழை. அவள் இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பாள்.

3

விருது அலுவலக அதிகாரியிடம் பதினோராவது முறையாகப் பேசினேன்.

"விருது மனித உரிமைப் பணியாளருக்குத்தான் சார். ஓட்டுநருக்கு வேற திட்டம் இருக்கு."

"என்ன திட்டம்?"

"சாலைப் பாதுகாப்பு."

"அவரைச் சுட்டுட்டாங்க சார்."

"அதனாலதான் அதுலயும் வராது."

(இதை நான் கற்பனை செய்திருந்தால் கொஞ்சம் நம்பும்படி எழுதியிருப்பேன்.)

"நான் தப்பா எழுதிட்டேன். திருத்துங்க."

"பட்டியல் அச்சுக்குப் போயாச்சு. விருதை ஏத்துக்கிறதா அஞ்சு மணிக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வரலைன்னா உங்க வீட்டம்மா பேரும் போயிடும். பாத்துக்கோங்க."

4

ஓட்டுநரின் மனைவியைப் பொறுமைசாலியாக எழுதிப் பார்த்தேன். "பரவாயில்ல தம்பி" என்று சொல்ல வைத்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் சொன்னது இது:

"பேனா பிடிச்சது நீதானே? அவரு வண்டி மட்டுமா ஓட்டினாரு? வீடு வீடா போய் பேசினது யாரு? உன் பொண்டாட்டிக்கு வழி கேக்கவே கூச்சம்."

உண்மைதான். அவளுக்குக் கூச்சம்.

"கையெழுத்துப் போடட்டுமாக்கா?"

"என்கிட்ட கேட்டுட்டு நீ நல்லவனாயிடலாம்னு பாக்காதே, தம்பி."

5

முடிவு அ: கையெழுத்திடுகிறேன். மேடையில் மூன்று பெயர்களையும் சொல்கிறேன். (குடும்பத்தாருக்கு மேடையில் பேச அனுமதி இல்லை. விசாரித்துவிட்டேன்.)

முடிவு ஆ: கையெழுத்திடவில்லை. என் பேனாவால் இரண்டாவது ஆளாக அவளும் பட்டியலிலிருந்து நீங்குகிறாள். அவளைப் பெற்றவர்களுக்கு இதை நான்...

முடிவு இ: நல்ல யோசனை உள்ள எழுத்தாளர் யாராவது எழுதட்டும்.

மணி நான்கு ஐம்பது. கடிதம் மேசையில் இருக்கிறது. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே நிபந்தனை: எதைத் தேர்ந்தாலும் அந்த அக்காவிடம் நீங்கள்தான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.