வளைவில் நின்றவன் களத்தில் இல்லையாம்

பெருமக்களே, ஒரு கணம் நில்லுங்கள். தூத்துக்குடித் துறைமுகச் சாலையிலுள்ள படைவீரர் நல அலுவலகத்தில், ஒரு பெண்ணை அவள் சொன்ன உண்மையைக் கொண்டே தோற்கடித்திருக்கிறார்கள். வந்து பாருங்கள்; பார்த்துச் சாட்சி சொல்லுங்கள்.

அவள் பெயர் ஜெஸ்மி. சாயர்புரத்துக்காரி. கணவன் பெனிஸ்டன் வடக்கு எல்லையில், பனிமலை உச்சிக் காவல்நிலையில் சிப்பாய். அங்கே கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. மண்ணெண்ணெய் சுமந்துவர அடிவார முகாமுக்கு அனுப்பப்படுகிறவர்கள், திரும்பும் வழியில் சிக்னல் எட்டும் ஒரு வளைவில் நின்று வீட்டாரோடு பேசுவார்கள்.

இவர்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளில், புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். அதிலுள்ள வேத வசனம் அந்த ஆண்டு முழுவதும் அவருக்குரியது. வெளியூரில் இருப்பவனுக்கு வீட்டாரே எடுத்து வாசிப்பார்கள். இவ்வாண்டின் முதல் நாள் காலை, முதுகில் மண்ணெண்ணெய்க் கேனோடு அந்த வளைவில் நின்று பெனிஸ்டன் தன் வசனத்தைக் கேட்டான். ஆமென் என்றான். அடுத்த நிமிடம் பனிச்சரிவு அவனை மூடியது.

அவர் அங்கே எதற்காக நின்றார் என்று விசாரணை அதிகாரி தொலைபேசியில் கேட்டபோது, ஜெஸ்மிக்கு மண்ணெண்ணெய் நினைவுக்கே வரவில்லை. கணவனின் பக்தியைச் சொல்லும் பெருமையில், "வசனம் கேக்கதுக்குத்தான் சார் நின்னாவ" என்றாள். அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். சொந்தக் காரியமாக நின்றான். ஆகவே அவன் களத்தில் இறக்கவில்லை என்று முடிவெழுதினார்கள்.

இந்த நியாயத்தை எண்ணிப் பாருங்கள். மேலே காவல்நிலை களம். கீழே கணப்பருகே கோப்பெழுதும் முகாமும் களம். இரண்டுக்கும் நடுவே சுமையோடு ஏறியவன் மூச்சை விட்ட இடம் மட்டும் களமில்லை!

ஆறு வயது மகளிடம் பள்ளியில் யாரோ, உங்கப்பா வேலையை விட்டுப் போய்ச் செத்தாராமே என்று கேட்டிருக்கிறார்கள். அவன் இறப்பைப் பற்றி முடிவெழுதிய தாளில் 'களத்தில்' என்ற சொல் ஏற வேண்டும். ஜெஸ்மி கேட்டது அவ்வளவே.

அலுவலக எழுத்தர் சிவப்பிரகாஷ், சொந்தக் காரியமாக நின்றால் களச்சாவு ஆகாது என்ற விதியை அவளுக்கு விளக்கினார். வரிசையில், பட்டாளத்து மகனின் தாளுக்காகக் காத்திருந்த சங்கு குளிக்கும் இன்பமணி குறுக்கிட்டார்.

"தம்பி, சங்கு குளிக்கப் போனவன் வள்ளத்துல உக்காந்து வெத்தல போடும்போது செத்தா, கடல்ல செத்தான்னு எழுதுவியா, கடைத்தெருவுல செத்தான்னு எழுதுவியா?"

வரிசை சிரித்தது.

"வள்ளத்துக்கு ரூல் புக் கிடையாது, அண்ணாச்சி. இங்கன உண்டு."

"அதை எழுதுனவன் எங்கன உக்காந்து எழுதுனான்?"

எழுத்தர் முன்னால் குனிந்தார். குரலைத் தாழ்த்தி ஜெஸ்மிக்கு ஒரு வழி சொன்னார்: மூச்சு வாங்க நின்றார் என்று புதிதாக எழுதிக் கொடு, வசனத்தை விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் உண்மை பேசியவளுக்கு அந்த நாற்காலி தரக்கூடிய பெரிய உதவி ஒரு பொய்!

ஜெஸ்மி பேனாவை வாங்கினாள்.

"கடைசியா அவிய ஆமென்னு சொன்னத, நானே எப்படி சார் இல்லைன்னு எழுதுவேன்?"

வசனத்தையும் எழுதினாள், மண்ணெண்ணெயையும் எழுதினாள். பத்தாம் நாள் மனு திரும்பி வந்தது. முடிவில் மாற்றமில்லை.

வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதே அலுவலகத்தில் அவள் மேல்முறையீடு கொடுக்கிறாள். அவளைத் தனியே நிற்க விடாதீர்கள். அரைநாள் விடுப்புப் போட்டு வாருங்கள். மனுவின் கீழே உங்கள் பெயரையும் முகவரியையும் எழுதுங்கள். களத்தின் எல்லையை வரைந்தவர் யார் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்காமல் அந்த வாசலை விட்டு நகராதீர்கள்.