எல்ராய் வீட்டுப் புல்தரை

பனி உருகி முடிந்ததும் வெர்லின் பக்கத்து வீட்டு எல்ராயின் புல்தரையைப் போய்ப் பார்த்தார். பனி அள்ளும் வண்டி குளிர்காலம் பூராவும் இறைத்த உப்பில் தெருவோரம் கருகிக் கிடந்தது. நடுவில் பூஞ்சணம் பிடித்த சாம்பல் வட்டங்கள். எலிகள் வேறு பனிக்கடியில் இஷ்டத்துக்குப் பாதை போட்டு வைத்திருந்தன. போன வருஷம் வரைக்கும் எங்கள் டுலூத் ஊரிலேயே, சரி, அந்தத் தெருவிலேயே, எல்ராய் வீட்டுப் புல்தரைக்கு ஈடு கிடையாது. வெர்லினுடையது அதற்கடுத்த இடம்தான். அதை மட்டும் அவர் எல்ராயிடம் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி கிடையாது. புல் வெட்டும்போது எல்லையைத் தாண்டி அடுத்தவர் பக்கம் ஒரு வரிசை சேர்த்து வெட்டிக் கொடுப்பது மரியாதை. இரண்டு வரிசை வெட்டினால் அது வம்பு. வெர்லின் வெட்டுவது எப்போதும் இரண்டு வரிசைதான்.

"அடேய் மடையா! அது என் புல்லுடா!" என்று எல்ராய் படியில் நின்று கத்துவார்.

"உன் புல்லா? முடி வெட்டாத பய மாதிரி நிக்குதேன்னு பாவப்பட்டு வெட்டுனேன், போடா!"

எத்தனையோ கோடைகள் இப்படித்தான் போயின. போன இலையுதிர் காலத்தில் கடைசி உரத்தைப் போட்டுவிட்டு, உரம் தூவும் கைவண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது எல்ராய்க்குப் பக்கவாதம் அடித்தது. அன்றிலிருந்து அவர் ஊர்க்கோடியில் இருக்கும் சிகிச்சை இல்லத்தில் கிடக்கிறார். வலது கை அசையாது. பேச்சில் திரும்பி வந்தது ஒரே ஒரு சொல். அவருடைய மனைவி ஆர்லிஸ் தினமும் போய்க் கட்டிலருகில் உட்காருவாள். அவர் அவளைப் பார்த்து "புல்?" என்பார், அவ்வளவுதான். வெர்லினும் வாராவாரம் போய் ஹாக்கிக் கதையெல்லாம் சொல்லிப் பார்த்தார். எல்ராய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, மடையா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வரும்போதெல்லாம் வெர்லின் காருக்குள் ஒரு மூச்சு அழுதுவிட்டுத்தான் சாவியைத் திருகுவார்.

வசந்தத்தில் லைலாக் பூச்செடி துளிர்விட்டதும், களை முளைக்காமல் தடுக்கும் குருணை மருந்தைப் போட்டாக வேண்டும். எல்ராய் எந்த வருஷமும் அதைத் தவறவிட்டதில்லை. எனவே, ஆர்லிஸின் கார் தெருமுனை திரும்பியதும் வெர்லின் தன்னுடைய தூவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். எல்ராயின் தரை முழுக்க, ஒரு மூலை விடாமல் மருந்தைத் தூவித் தண்ணீரும் தெளித்தார். மறுநாள் விடிந்ததும், தம்பியோடு ஏரிக்கு மீன் பிடிக்கக் கிளம்பிப் போய்விட்டார்.

ஆர்லிஸிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? உதவி செய்துவிட்டு வாய் திறந்தால் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் தம்பட்டம். உதவி கேட்பதோ அதைவிடக் கேவலம். இது எங்கள் பெருமை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எங்களைப் பிடித்த சனியன் என்று நான் சொல்வேன்.

இரண்டு வாரம் கழித்து வெர்லின் ஏரியிலிருந்து திரும்பியபோது, ஆர்லிஸ் ஹோஸ் பைப்பும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன ஆர்லிஸ், வெறும் மண்ணுக்குத் தண்ணி காட்டுறீங்க?"

"விதை போட்டிருக்கேன் வெர்லின். நீங்க கிளம்பிப் போன அன்னிக்குத்தான் போட்டேன். காலைல, சாயங்காலம்னு விடாம ஊத்துறேன், ஒண்ணு கூடத் தலை காட்டல. சீக்கிரமா முளைக்கும்னு பையில போட்டிருக்கான். புளுகுணிப் பய!"

வெர்லின் கையிலிருந்த தூண்டிலைக் கீழே வைத்தார். களை விதை, நல்ல விதை என்று அந்தக் குருணைக்குப் பேதம் தெரியாது. எது முளைத்தாலும் கருக்கிவிடும். விதைப்பதென்றால் ஆகஸ்ட் கடைசியில்தானே விதைப்பார்கள், வசந்தத்தில் யார் விதைப்பார்கள் என்று அவர் இருந்துவிட்டார்.

"யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"யாரைக் கேக்க? ஜனவரி பூரா நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள எங்க வாசல்ல பனி அள்ளினது யாரு, எனக்குத் தெரியாதா? இன்னும் எவ்வளவுதான் உங்க தலையில கட்டுறது?" பைப்பைக் கீழே போட்டாள். "ஞாயித்துக்கிழமை கர்ட் வர்றான். அப்பா அங்கயே இருக்கட்டும், வீட்டை வித்துரலாம்கிறான். அவரை நான் வீட்டுல வச்சுப் பாத்துக்குவேன், முதல்ல இந்தத் தரையைச் சரிபண்ணிக் காட்டுறேன்னு மகன்கிட்ட வீம்பு பேசிட்டேன். இப்ப பாருங்க. ஒரு புல்லை முளைக்க வைக்க வக்கில்லாதவ, ஒரு மனுஷனை எப்படித் தூக்கி உக்கார வைக்கப் போறேன்?"

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். அட மனுஷா, சொல்லித் தொலைத்திருக்க வேண்டாமா! வெர்லின் வானத்தைப் பார்த்தார். "மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கர்ட் மினியாபோலிஸ் நகரத்திலிருந்து வந்து இறங்கினான். நல்ல பையன்தான், அப்பாவையும் அம்மாவையும் நினைத்துத் தூக்கம் கெட்டவன். வெர்லின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கர்ட் பூட்ஸ் நுனியால் வெற்று மண்ணைக் கீறினான். அம்மாவின் தோளில் கை போட்டு மெதுவாக என்னவோ சொன்னான். ஆர்லிஸ் முதலில் மாட்டேன் என்று தலையாட்டினாள். கடைசியில், தோற்றுப்போனவளாக, சரி என்று தலையாட்டினாள்.

அதற்குமேல் வெர்லினால் தாங்க முடியவில்லை. வீட்டுச் செருப்போடேயே குறுக்காக நடந்து போனார்.

"வெர்லின் அங்கிள், கொஞ்சம் வீட்டு விஷயம் பேசிட்டிருக்கோம்" என்றான் கர்ட்.

"இது களை மருந்து விஷயம்பா. இந்தத் தரை பூரா குருணை போட்டது நான்தான். உங்கம்மா விதை போடுறதுக்கு முந்தின நாளு. எந்த விதையா இருந்தாலும் முளைச்சிருக்காது. எல்ராய் போட்டிருந்தாலும் முளைச்சிருக்காது."

ஆர்லிஸ் அவரையே பார்த்தாள். இத்தனை வருஷமாக நீங்க, வாங்க என்று பேசியவள். "நீயா?" என்றாள். "நீயாய்யா? காலைலயும் சாயங்காலமும் பைத்தியக்காரி மாதிரி நான் தண்ணி ஊத்துறதைப் பாத்துக்கிட்டு, மழை வருதுன்னு சொல்லிட்டுப் போனியே, அது நீதானா?" குனிந்து பைப்பை எடுத்தாள். வெர்லினின் தொப்பியிலிருந்து செருப்பு வரைக்கும் அபிஷேகம் நடந்தது. அவர் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டார். பாதியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு அழுகையும் வந்தது.

"அம்மா, அது வெறும் புல்லும்மா" என்றான் கர்ட்.

"உனக்கு வெறும் புல்லு. அதை வச்சுத்தானேடா உன்னால முடியாதும்மான்னு சொன்ன? நானும் நம்பிட்டேனே!" முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்கப்பா வீட்டுக்குத்தான் வர்றாரு."

"வரட்டும்மா. அவரை யாரு தூக்குவா? உனக்கு முதுகு வலி."

வெர்லின் சொட்டச் சொட்ட முன்னால் வந்தார். "காலைல நான் வர்றேன். சாயங்காலமும் வர்றேன். இந்தத் தடவை திருட்டுத்தனமா இல்ல, கதவைத் தட்டிச் சொல்லிட்டே வர்றேன். ஆர்லிஸ், நீங்களும் வேணும்னா வாயைத் தொறந்து கூப்பிடணும்."

கர்ட் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு காரிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்து, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் போடுவதற்காக வாசற்படியை அளக்க ஆரம்பித்தான்.

லைலாக் பூத்துக் குலுங்கிய நாளில் எல்ராயைக் கூட்டி வந்தார்கள். நாற்காலியைப் புல்தரையோரமாக நிறுத்தச் சொல்லி இடது கையால் சைகை காட்டினார். கருகின ஓரத்தைப் பார்த்தார். சொட்டை சொட்டையாக நின்ற நடுப்பகுதியைப் பார்த்தார்.

"புல்?" என்றார்.

கர்ட் தரையைப் பார்த்தான். ஆர்லிஸ் வெர்லினைப் பார்த்தாள். வெர்லின் தொப்பியைக் கழற்றிவிட்டு நண்பரின் முன்னால் மண்டியிட்டார்.

"எல்ராய், நான்தான்டா கெடுத்தேன். உனக்கு ஒத்தாசை பண்றதா நினைச்சு லைலாக் துளிர்விட்டதும் குருணையைப் போட்டுட்டேன். ஆர்லிஸ் விதைச்சதெல்லாம் அப்படியே போச்சு. ஆகஸ்ட் கடைசியில நானே கிளறி விதைச்சுக் குடுத்துடறேன்."

எல்ராய் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அந்தக் கண்கள் சுவரை விட்டு வெர்லின்மேல் வந்து நின்றன. உதடு கோணியது. தொண்டையில் என்னவோ உருண்டது.

"ம... ம..."

"மருந்தா? மருந்து வேணுமா?" என்று ஆர்லிஸ் பதறினாள்.

எல்ராய் எரிச்சலோடு தலையை ஆட்டினார். இடது கையைத் தூக்கி வெர்லினின் நெஞ்சில் ஒரு குத்து வைத்தார்.

"மடையா" என்றார்.

ஆர்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். வெர்லினுக்குக் கண்ணில் எதுவும் தெரியவில்லை. அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லுடா எல்ராய். இன்னும் ஒரே ஒரு தடவை."

எல்ராய் சொன்னார்.